மூச்சை இழுக்கும்போது சத்தமா, விடும்போது சத்தமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 14, படிவம் 2-இல் படிக்கிறாள். பள்ளிக்காக 800 மீட்டரும் மெரெந்தாஸ் டேசா என்ற குறுக்குநாட்டு ஓட்டமும் ஓடுகிறாள். ஏழெட்டு மாதமாகப் போட்டியில் கடைசி 200 மீட்டர் வரும்போது, "தொண்டையை யாரோ நெரிக்கிற மாதிரி இருக்கும்மா" என்கிறாள். கீச்சென்று ஒரு சத்தம் வேறு. கோட்டைத் தாண்டி உட்கார்ந்தால் மூன்று நான்கு நிமிடத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துவிடுவாள். பயிற்சியில் இவ்வளவு வருவதில்லை. கிளினிக்கில் ஆஸ்துமா என்று நீல நிறப் பம்பும் வெண்டோலின் மாத்திரையும் கொடுத்தார்கள். ஓடும் முன் இரண்டு முறை அடித்தோம், கேட்கவில்லை. பிறகு நான்கு, இப்போது ஆறு. கைதான் நடுங்குகிறது, மூச்சு அப்படியேதான் இருக்கிறது. பயிற்றுநர் ஸ்டெமினா போதாது என்கிறார். மாமியார் ஓட்டத்தையே நிறுத்தச் சொல்கிறார். அடுத்த மாதம் மாவட்டப் போட்டி. பம்பைக் கூட்டலாமா? ஓட விடலாமா?
— ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சகோதரி, பம்பைக் கூட்டாதீர்கள். ஆறு முறை அடித்தும் அசையாத அடைப்பு எட்டாவது முறையில் திறந்துகொள்ளாது. மருந்து உடம்புக்குள் போய்விட்டது என்பதற்குக் கை நடுக்கமே சாட்சி. அந்த மருந்து தளர்த்துவது நுரையீரலுக்குள் கிளைபிரியும் சிறு குழாய்களைச் சுற்றியுள்ள தசையை. உங்கள் மகள் கைவைத்துக் காட்டும் இடமோ தொண்டை.

கடிதத்தை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் நேரக் கணக்கு ஆஸ்துமாவோடு ஒட்டவில்லை. ஓட்டத்தால் வரும் இழுப்பு பெரும்பாலும் ஓடி நின்ற பிறகுதான் முற்றும். நின்று 5 முதல் 15 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும், மருந்தில்லாமல் விட்டால் அடங்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். மூச்சுக்குழாய்கள் அந்த அளவுக்குச் சுருங்க, பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் எட்டு நிமிடக் கடும் உழைப்பும் தேவை. பள்ளி மாணவிக்கு 800 மீட்டர் என்பது மூன்று நிமிடம், அவ்வளவுதான். ஆஸ்துமா தலைகாட்ட வேண்டிய நேரத்தில் உங்கள் மகள் எழுந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

நான் முதலில் சந்தேகப்படுவது குரல்வளையை. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று உள்ளே போகிறது. 800 மீட்டரின் கடைசித் திருப்பத்தில் அது 80 லிட்டர் அளவுக்கு ஏறும். அத்தனை காற்றும் குரல்வளை என்ற குறுகிய வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். மூச்சை இழுக்கும்போது குரல்நாண்கள் விரிந்து வழிவிட வேண்டும். சிலருக்கு, குறிப்பாக வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு, அந்த வேகத்தில் நாண்களுக்கு மேலே உள்ள மெல்லிய சதை மடிப்புகள் உள்ளே இழுபடும். சிலருக்கு நாண்களே நெருங்கி வந்துவிடும். ஐஸ் மைலோவைப் பேப்பர் ஸ்ட்ராவில் வேகமாக உறிஞ்சிப் பாருங்கள், நனைந்த ஸ்ட்ரா உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறோமோ அவ்வளவு இறுக்கமாக ஒட்டும். ஓட்டத்தில் மூச்சு முட்டும் பிள்ளை பயத்தில் செய்வதும் அதையேதான்: இன்னும் பலமாக இழுக்கும். ஓட்டம் நின்றதும் காற்றின் வேகம் குறையும், வாசல் திறந்துவிடும். அதனால்தான் மூன்று நான்கு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது.

கடும் உழைப்பின்போது குரல்வளை இப்படி அடைபடுவதை மருத்துவர்கள் 'ஈ.ஐ.எல்.ஓ.' என்பார்கள். பழைய பெயர் 'வி.சி.டி.', அதாவது குரல்நாண் கோளாறு. பதின்ம வயதில், அதிலும் பெண் பிள்ளைகளிடம் இது அதிகம் காணப்படுகிறது. ஆஸ்துமா என்று ஆண்டுக்கணக்கில் மருந்து வாங்கிய பிறகே பலருக்குத் தெரியவருகிறது. பயிற்சியில் வராமல் போட்டியில் வருகிறது என்பதால் "எல்லாம் பயம்தான்" என்று யாராவது சொல்லக்கூடும். அதை ஏற்காதீர்கள். போட்டியில்தான் அவள் முழு வேகத்தில் ஓடுகிறாள். பதற்றம் தொண்டையை இன்னும் இறுக்கலாம், ஆனால் அடைப்பு நடிப்பு அல்ல.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் மிக முக்கியம். அந்தக் கீச்சுச் சத்தம் மூச்சை இழுக்கும்போது வருகிறதா, விடும்போதா? இழுக்கும்போது கழுத்திலிருந்து கரகரவென்றோ கீச்சென்றோ வந்தால் குரல்வளை. விடும்போது நெஞ்சிலிருந்து விசில்போல் நீண்டு வந்தால் ஆஸ்துமா. களைத்துக் கிடக்கும் பிள்ளையைக் கேட்டால் தெளிவான பதில் வராது, பக்கத்தில் நிற்பவர்களும் பதற்றத்தில் தவறாகச் சொல்வார்கள். அதனால் அடுத்த கடும் ஓட்டத்தில் அவளுடைய அப்பாவைக் கடைசிக் கோட்டில் கைப்பேசியோடு நிற்கச் சொல்லுங்கள். முகம், கழுத்து, மார்பு மூன்றும் தெரியும்படி, ஒரு மீட்டர் தூரத்தில் இருந்து, ஒலியோடு ஒரு நிமிடம் படம் எடுத்தால் போதும். சுற்றி நிற்பவர்கள் பேசாமல் இருப்பது நல்லது. மருத்துவரிடம் நீங்கள் அரை மணி நேரம் விவரிப்பதைவிட அந்த ஒரு நிமிடம் கூடுதலாகச் சொல்லும்.

இரண்டாவது, பீக் ஃப்ளோ மீட்டர். மூச்சை எவ்வளவு வேகமாக ஊதுகிறோம் என்று அளக்கும், மருந்தகத்தில் கிடைக்கும் எளிய குழாய்க் கருவி. தித்திவங்சா ஏரிப் பக்கம் அதிகாலையில் போய், ஓடுவதற்கு முன் நின்றபடி மூன்று முறை ஊதி, அதிகமான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சுக் கொடுத்தால் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பதில் வராத வேகத்தில் 6 முதல் 8 நிமிடம் ஓடட்டும். நின்றதும் 5, 10, 15-ஆம் நிமிடங்களில் மறுபடியும் மும்மூன்று முறை ஊதட்டும். அன்று காலை பம்ப் அடிக்கக் கூடாது, முந்தைய எட்டு மணி நேரத்திலும் அடித்திருக்கக் கூடாது. முதலில் 360 என்று இருந்து பிறகு 300-க்கு இறங்கினால் அது 15 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சரிவு, ஆஸ்துமா பக்கம் சாய்கிறது. தொண்டை நெரிந்தும் எண் இறங்கவே இல்லையென்றால் குரல்வளை பக்கம், ஏனென்றால் இந்தக் கருவி வெளிமூச்சை மட்டுமே அளக்கிறது. சோதனையின்போது பம்ப் கையில் இருக்கட்டும். கீழே சொல்லப்போகும் இதய அறிகுறிகளில் ஒன்றாவது இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம்.

இரண்டும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகளும் உண்டு. அதனால் வீட்டுச் சோதனையோடு நிறுத்திக்கொள்ள முடியாது. அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, ஊதவைத்து நுரையீரலைச் சோதிக்கும் ஸ்பைரோமெட்ரி வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். செந்தூலிலிருந்து ஜாலான் பஹாங்கில் உள்ள கோலாலம்பூர் மருத்துவமனை பக்கம்தான். லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் விளையாட்டு மருத்துவப் பிரிவும் உண்டு. ஓய்வாக உட்கார்ந்து ஊதும் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தால் "நார்மல்" என்று அனுப்பிவிடுவார்கள். அதோடு திரும்பி வராதீர்கள், ஓடவைத்துச் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள். ஓட்டத்துக்குப் பிறகு முதல் வினாடியில் ஊதும் காற்றின் அளவு 10 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைந்தால் மூச்சுக்குழாய்ச் சுருக்கம் உறுதியாகும். குரல்வளைக்குத் தனிச் சோதனை: ஓடிக்கொண்டிருக்கும்போதே மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பது. நார்வேயின் பெர்கன் நகர மருத்துவர்கள் 2006-இல் இந்த முறையை வெளியிட்டார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில், அறிகுறி வரும்வரை ஓடவைத்து, நின்ற உடனே காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்கலாம். தாமதித்தால் பயனில்லை, அதற்குள் குரல்வளை பழைய நிலைக்குப் போயிருக்கும்.

இப்போது இதயம். ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுவது, நெஞ்சைப் பிசையும் வலி, திடீரென்று இதயம் தாறுமாறாகப் படபடப்பது, குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் யாராவது திடீரென இறந்திருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் இசிஜியும் இதய ஸ்கேனும் முடியும்வரை ஓட்டம் கிடையாது. இதில் பேரம் பேச இடமில்லை. ஓடும்போது உடம்பெல்லாம் தடித்து அரித்து, முகம் வீங்கி மூச்சு முட்டினால் அது கடும் ஒவ்வாமை. சில பிள்ளைகளுக்குக் கோதுமையோ இறாலோ சாப்பிட்டுவிட்டு ஓடினால் மட்டும் வரும். அதற்கு நேராக அவசரப் பிரிவுதான்.

இரத்தச் சோகையையும் பார்த்துவிடுங்கள். மாதவிடாய் தொடங்கிய ஓட்டக்காரப் பிள்ளைக்கு இரும்புச்சத்து குறைவது சாதாரணம், சாப்பாட்டோடு தே தாரிக் என்ற பால் தேநீர் குடிக்கும் வீட்டில் இன்னும் சாதாரணம். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கிறதா என்பதோடு, உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் கேளுங்கள். இரத்தச் சோகையில் தொண்டை நெரியாது, கால் கனக்கும், முதல் சுற்றிலேயே மூச்சு வாங்கும். பயிற்றுநர் சொல்லும் ஸ்டெமினா குறைவும் அப்படித்தான் வரும்: மெல்ல மெல்லக் களைப்பு ஏறும், கீச்சுச் சத்தம் இருக்காது. அவரிடம் இதைச் சண்டையாக இல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள், சுற்றுகளைக் கூட்டினால் தொண்டை திறக்காது.

குரல்வளைதான் என்று தெரிந்தால் மருந்தைவிடப் பழக்கமே பெரிய சிகிச்சை. அதைக் கற்றுத்தருபவர் பேச்சு சிகிச்சையாளர். மருத்துவமனைகளில் 'தெராபி பெர்துதுரான்' என்று கேட்டால் காட்டுவார்கள். திக்குவாய்க்குத்தானே அவர்கள் என்று நினைக்க வேண்டாம், குரல்நாண்கள் அவர்களுடைய வேலைக்களம். அதுவரை வீட்டில் தொடங்கத் தீங்கில்லாத பயிற்சி ஒன்று. 'வ' என்று சொல்லப் போகும்போது மேல்பல் கீழுதட்டைத் தொடுமே, அப்படி வைத்துக்கொண்டு, அந்த இடுக்கு வழியாக மூச்சின் முதல் பாதியை இழுக்க வேண்டும். பாதி வந்ததும் தாடையைச் சட்டென்று தளர்த்தி வாயைத் திறந்து மீதியை உள்ளே விட வேண்டும். வெளிமூச்சு எந்தத் தடையும் இல்லாமல் போகட்டும். தோள் ஏறக் கூடாது, வயிறுதான் முன்னே வர வேண்டும். முதல் வாரம் கண்ணாடி முன் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஐந்தைந்து நிமிடம். தலை சுற்றினால் வேகமாகச் செய்கிறாள் என்று பொருள், நிறுத்தி இடைவெளி விடட்டும். அடுத்து நடையில், அதற்கடுத்து மெல்லோட்டத்தில், நான்காவது வாரம் 200 மீட்டர் வேக ஓட்டத்தில்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு, தொண்டை முழுவதும் இறுகிய பிறகு தொடங்குவது. நெரிப்பின் முதல் சுவடு தெரிவதற்கு முன்பே, 800 மீட்டர் என்றால் இரண்டாவது சுற்றின் தொடக்கத்திலிருந்தே, ஐந்தாறு மூச்சுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். மறந்துபோய் இறுகியேவிட்டால் வேகத்தைக் குறைத்து, மூக்கால் இரண்டு குட்டி மூச்சாக முகர்ந்து, உதட்டைக் குவித்து 'ஸ்ஸ்' என்று நீளமாக விடட்டும். நாலைந்து முறையில் பிடி தளரும்.

வயிற்றுப் புளிப்பு மேலேறி வந்தாலும் குரல்வளை எரிச்சல் கொண்டு சீக்கிரம் மூடும். மாலைப் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் நாசி லெமாக் சாப்பிடுவது இதற்கு நல்லதல்ல. கெட்டியான சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் இடையே இரண்டரை மணி நேரமாவது இருக்கட்டும்.

சோதனையில் ஆஸ்துமாதான் என்று வந்தால் கதை வேறு. அப்போதும் ஆறு முறை அடிப்பது பதில் அல்ல. உழைப்பின்போது மூச்சுக்குழாய் ஏன் சுருங்குகிறது என்று பாருங்கள். நுரையீரலுக்குள் போகும் ஒவ்வொரு லிட்டர் காற்றும் உடம்புச் சூட்டில் 44 மில்லிகிராம் ஈரத்தால் நிறைந்தாக வேண்டும். 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கோலாலம்பூர்த் திடலில் காற்றில் ஏற்கெனவே 24 மில்லிகிராம் இருக்கிறது, மீதி 20-ஐ மூச்சுக்குழாயின் சுவர் கொடுக்க வேண்டும். 22 பாகைக் குளிர்சாதன அரங்கில் காற்றில் இருப்பது ஏறக்குறைய 10 மில்லிகிராம்தான், மீதி 34-ஐயும் சுவரே கொடுக்க வேண்டும். சுவர் வறள்கிறது, அதிலுள்ள செல்கள் வேதிப்பொருள்களைக் கக்குகின்றன, தசை இறுகுகிறது. அரங்கத்தில் பூப்பந்து ஆடும் பிள்ளை திடலில் ஓடும் பிள்ளையைவிடக் கூடுதலாக இருமுவது இதனால்தான். திடலில் ஓடுபவர்களுக்கு எதிரி புகைமூட்டம். காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியில் பயிற்சி வேண்டாம். ஆனால் நுண்துகளுக்கு அந்த எண் 24 மணி நேரச் சராசரி என்பதால், இப்போதுதான் சூழ்ந்த புகை அதில் உடனே தெரியாது. தூரத்துக் கட்டடங்கள் மங்கி, புகை வாடை அடித்தால் எண் 80 என்றாலும் உள்ளேயே இருங்கள்.

12 வயதுக்கு மேற்பட்ட ஆஸ்துமாக்காரர்களுக்கு நீலப் பம்பை மட்டும் கொடுத்து நிறுத்துவதை உலக ஆஸ்துமா வழிகாட்டியான 'ஜினா' 2019 முதல் ஏற்பதில்லை. அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு உறிஞ்சு மருந்தும் வேண்டும், அது முழுப் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். நீலப் பம்பை நாள்தோறும் அடித்தால் ஓட்டத்துக்கு முன் அது தரும் பாதுகாப்பும் தேய்ந்துபோகும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார்.

பம்பை அடிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். ஓட்டக் கோட்டில் நின்றுகொண்டு வாய்க்குள் அடித்தால் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். மருந்துக்கு நேரமும் இருக்காது. ஓட்டத்துக்கு 15 நிமிடம் முன்பு, பம்புக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் ஸ்பேசர் குழாயோடு, இரண்டே முறை. குலுக்கி, மூச்சை முழுக்க விட்டு, ஒருமுறை அழுத்தி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கி, அரை நிமிடம் கழித்து அடுத்தது. ஐந்து நாளுக்கு மேல் தொடாத பம்ப் என்றால் முதல் இரண்டு அழுத்தைக் காற்றில் விட்டுவிடுங்கள். ஸ்பேசரைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் ஊறவைத்து, துடைக்காமல் காற்றில் உலர்த்துங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். இப்படிச் சரியாக அடித்தும் பலனில்லை என்றால், அதுவே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய ஒரு தகவல்.

வெண்டோலின் மாத்திரையைப் பற்றி: மெதுவாக வேலை செய்யும், நடுக்கமும் படபடப்பும் அதிகம், விளையாட்டு ஊக்கமருந்துத் தடைப்பட்டியலிலும் உண்டு. நீலப் பம்பில் உள்ள, உறிஞ்சும் சல்புட்டமோலுக்கு அனுமதி இருக்கிறது, ஆனால் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஓர் அழுத்து 100 மைக்ரோகிராம். உங்கள் மகள் ஓட்டத்துக்கு முன் அடிக்கும் ஆறு அந்த எட்டு மணி நேர வரம்பைத் தொட்டுவிடுகிறது. மாவட்டப் போட்டியில் சோதிக்க மாட்டார்கள் என்றாலும், மாநில அணிக்குப் போகும் ஆசை இருந்தால் இப்போதே பழக்கத்தை மாற்றுவது நல்லது. மாத்திரைக்கு மாற்று என்ன என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மாமியார் தூதுவளை ரசம் வைத்தால் சளிக்கு இதமாக இருக்கும், கொடுக்கட்டும். ஓட்டத்துக்கு முன் நெஞ்சில் கற்பூரத் தைலம் மட்டும் தடவ வேண்டாம், அந்த நெடி எரிச்சலான குரல்வளையைச் சீண்டும். ஓட்டத்தை நிறுத்துவது பற்றி அவர் கவலைப்படுவது புரிகிறது. இதய அறிகுறிகள் இல்லையென்றால் குரல்வளை நெரிப்பு பார்க்கத்தான் பயங்கரம், வேகம் குறைந்ததும் விட்டுவிடும் என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த மாதப் போட்டிக்கு இதய அறிகுறிகள் இல்லை, இரவில் இருமலோ இழுப்போ இல்லை என்றால் 800 மீட்டர் ஓடலாம். மெரெந்தாஸ் டேசாவை மட்டும் மருத்துவர் பார்க்கும்வரை தள்ளிப்போடுங்கள். புதர் ஓரத்தில் உதவிக்கு ஆளில்லாத இடத்தில் நெரிப்பு வந்தால் குரல்வளையா ஆஸ்துமாவா என்று பிரித்தறிய யாரும் இருக்க மாட்டார்கள். போட்டியன்று பத்து நிமிட மெல்லோட்டம், பிறகு 30 வினாடி வேக ஓட்டம் ஆறு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒன்றரை நிமிட நடை. இதைப் போட்டிக்கு 20 நிமிடம் முன்பே முடித்துவிட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களில் பாதிப் பேருக்கு இந்தச் சூடேற்றலே ஒன்றிரண்டு மணி நேரப் பாதுகாப்புத் தரும், குரல்வளைக்காரர்களுக்கோ மூச்சுப் பயிற்சியை ஓட்டத்தோடு ஒத்திகை பார்க்க நேரம் கிடைக்கும்.

பயிற்றுநரிடம் பம்பையும் ஸ்பேசரையும் கொடுத்து, ஒரு தாளில் இதை எழுதிக் கொடுங்கள்: நின்று ஐந்து நிமிடமாகியும் மூச்சு திரும்பவில்லை, அல்லது விடும்போது விசில் கேட்கிறது என்றால் நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பேசரில் ஓர் அழுத்து, நான்கு மூச்சு, இப்படி நான்கு அழுத்து. நான்கு நிமிடம் பொறுத்து மாற்றமில்லையென்றால் மறுபடி நான்கு, கூடவே 999-க்கு அழைப்பு. உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, சோர்ந்து கண் சொருகினாலோ அந்த நான்கு நிமிடத்துக்குக்கூடக் காத்திருக்காமல் முதலில் 999.